கும்பக்கரை – வட்டக்கானல் மலையேற்றம்: அருவி டிக்கெட்டை பர்மிட் என்று காட்டும் ஆட்கள்

மதுரையிலிருந்து சனி, ஞாயிறுகளில் ஒருநாள் டிரெக்கிங் கூட்டிப்போகிறோம் என்று ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கிற குழுக்கள் இப்போது ஏகப்பட்டது. அதில் ஒன்றில் பணம் கட்டி, பிப்ரவரி கடைசியில் போய்வந்த கதை இது. குழுவின் பெயரைப் போடவில்லை, சீசனுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள், போட்டும் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஏமாற்றுகிற விதம் ஒன்றுதான்.

பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் ஏறி, வெள்ளகவி என்கிற மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானல் வட்டக்கானலில் போய் முடிப்பதாகத் திட்டம். ஆளுக்கு 2,200 ரூபாய். வேன், டிபன், மதியச் சாப்பாடு, லோக்கல் கைடு, முதலுதவி, வனத்துறை அனுமதி எல்லாம் அதிலேயே அடக்கம். 'புதியவர்களும் தாராளமாக வரலாம்' என்று வேறு போட்டிருந்தார்கள். கும்பக்கரை கிட்டத்தட்ட சமவெளி, வட்டக்கானல் கொடைக்கானல் உயரம். நடுவில் 1,500 மீட்டருக்கு மேல் ஒரே பகலில் ஏறியாக வேண்டும். வாரம் தவறாமல் அழகர்கோவில் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கே முழங்கால் விட்டுப்போகிற ஏற்றம் இது. இதற்குப் புதியவர்கள் வரலாமாம்!

ஆரப்பாளையத்தில் காலை நாலு மணிக்கு வரவேண்டிய வேன் ஆறரைக்கு வந்தது. வத்தலக்குண்டில் டிபனை முடித்துக் கும்பக்கரை போய்ச் சேரும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. அங்கேதான் அந்த வித்தை. ஒருங்கிணைப்பாளர் எங்களை வேனிலேயே உட்காரவைத்துவிட்டு கவுன்ட்டருக்குப் போனார், கையில் கத்தையாகச் சீட்டோடு வந்து "பர்மிட் வாங்கியாச்சு மக்களே" என்று தூக்கிக் காட்டினார். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். யார் பெயரும் இல்லை, எந்த வழியாகப் போகிறோம் என்பதும் இல்லை. கேட்டதற்கு, "இங்கெல்லாம் இதுதான் பர்மிட் அண்ணே, மெயின் பர்மிட் மெயில்ல இருக்கு" என்றார். மெயிலைக் காட்டச் சொன்னால் சிக்னல் இல்லையாம். அதற்குள் பாதிப் பேர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் பாதையில் இல்லை, ஒரு மாந்தோப்பின் பின்பக்கமாக, முள்வேலி தாண்டி. முறையான அனுமதி இருக்கிறவன் எதற்காக வேலி தாண்டுகிறான்?

கைடு என்று வந்தவர் ஒரு கல்லூரிப் பையன், பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மொபைலில் இறக்கி வைத்திருந்த மேப்பைப் பார்த்துப் பார்த்து நடந்தான். பாதை இரண்டாகப் பிரிகிற இடங்களில் எல்லாம் எங்களை நிறுத்திவிட்டு முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கிடையாது. மதியச் சாப்பாடு என்பது எலுமிச்சை சாதப் பொட்டலம், பிரிக்கும்போதே புளிச்ச வாடை. எங்களோடு வந்த ஒரு அக்காவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நடக்கவே முடியவில்லை. முதலுதவிப் பெட்டியைக் கேட்டால் பையன் பையிலிருந்து எடுத்தது ஒரு பட்டை பாராசிட்டமாலும் நாலு பேண்ட்எய்டும். ஒருங்கிணைப்பாளரைத் தேடினால் ஆளைக் காணோம், வேனிலேயே கொடைக்கானல் சுற்றிப் போய்விட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நாங்கள் போனபோது வெள்ளகவிக்கு ரோடு கிடையாது, அங்கே இருப்பவர்கள் அரிசி பருப்பிலிருந்து எல்லாவற்றையும் தலையிலோ குதிரையிலோதான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, சாமிக்காக. அந்தப் பக்கம் ஒருமுறை போய்வந்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும். எங்கள் கைடு ஷூவோடு விறுவிறுவென்று உள்ளே போக, திண்ணையில் இருந்த பெரியவர் "தம்பி, அதைக் கழட்டிக் கையில எடுத்துக்கப்பா" என்றார். பையன் அந்த ஊரை அன்றைக்குத்தான் பார்க்கிறான் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்தப் பெரியவர் வீட்டில்தான் தண்ணீர் கொடுத்தார்கள், கடுங்காப்பி போட்டார்கள், அந்த அக்காவுக்குக் காலை நீவிவிட்டார்கள். அங்கிருந்து மேலே ஏற அவரே தன் பேரனைத் துணைக்கு அனுப்பினார். நாங்கள் கொடுத்த 2,200-இல் இவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை.

வட்டக்கானலில் இருட்டுகிற நேரத்தில் வனக்காவலர்கள் பிடித்தார்கள். நுழைவுச் சீட்டை நீட்டினோம். சிரிக்கக்கூட இல்லை அவர்கள். காட்டுத்தீ பயத்தால் அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் யாருக்குமே அனுமதி கொடுக்கவில்லையாம். அபராதம் எங்கள் தலையில். ஒருங்கிணைப்பாளர் போன் ஸ்விட்ச் ஆஃப், வேனும் இல்லை. கொடைக்கானலில் கடைசி பஸ்ஸும் போய்விட, ரூம் எடுத்துத் தங்கி மறுநாள்தான் மதுரை வந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில், 'அடுத்த மேகமலை டிரிப்பில் 500 ரூபாய் தள்ளுபடி'. இன்னொரு தடவை கேட்டதற்கு வாட்ஸ்அப் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், அந்த நுழைவுச் சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதே மாதிரி மாட்டியவர்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு நேர்வழி இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வழிகாட்டியாக வருவார்கள். தனியார் குழுவோடுதான் போவேன் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே தேதியும் தடமும் எழுதிய அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், அந்த வனச்சரக அலுவலகத்துக்கே போன் போட்டும் கேளுங்கள்.

இதே ஆட்கள் இப்போது குரங்கணிக்கு ஆள் சேர்க்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ பிடித்து, அதில் 23 பேர் செத்துப்போன அதே குரங்கணி. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. போஸ்டரில் 'பர்மிட் உண்டு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஜிபே எண்ணைப் போட்டுப் பாருங்கள், குழுவின் பெயர் வராது, ஏதோ ஒரு தனி ஆள் பெயர் வரும்.