கார் ஆம்ப் போட்டு 47,500 ரூபாய் போச்சு: பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்

ரெண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே ஃபியூஸ் போட வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. பெயர் வேண்டாம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), பேஸ் அடிக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 18,500. பில் கேட்டால், "ஜிஎஸ்டி போட்டா ஏறும் சார், நம்ம கடைதானே" என்றார் ஓனர். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து ஒரு பாட்டைப் போட்டார், பேஸ் அடித்ததில் உள்கண்ணாடி அதிர்ந்தது, நான் விழுந்துவிட்டேன்.

ஆறாத விஷயம் என்னவென்றால், நான் கேட்டேன். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் நாலரை மீட்டர் வயர் போகிறதே, பேட்டரிகிட்ட ஃபியூஸ் வேண்டாமா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆம்ப் முதுகில் இருந்த ரெண்டு நீல ஃபியூஸைக் காட்டி, "இதோ ரெண்டு இருக்கே சார், பதினெட்டு வருஷமா இதே வேலைதான்" என்றார். நம்பினேன்.

மூணாவது வாரம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதும் ரப்பர் கருகும் வாடை. டேஷ்போர்டுக்கு அடியில் புகை. சாவியை அணைத்தும் நிற்கவில்லை, எப்படி நிற்கும், அது நேரே பேட்டரியிலிருந்து வரும் வயர். ஒரு ஆட்டோ அண்ணன் ஓடிவந்து 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் டெர்மினலைக் கழற்றினார், இல்லாவிட்டால் கார் முழுசும் போயிருக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் ஓட்டை போட்டவர்கள் கிராமெட், அதாவது ஓட்டை விளிம்பில் போடும் ரப்பர் வளையம், மாட்டவே இல்லை, விளிம்பு உறையை அறுத்து வயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகிவிட்டது. மின்சாரம் அங்கேயே பாடிக்குப் போய்விட்டதால் டிக்கியில் இருந்த ஃபியூஸ் ரெண்டும் இன்றைக்கும் புத்தம் புதுசாக இருக்கின்றன! பக்கத்தில் இருந்த ஒரிஜினல் வயரிங்கும் உருகிவிட்டது, அதற்கு 29,000. மொத்தம் 47,500.

கடைக்குப் போன் போட்டால் முதலில் "எலி கடிச்சிருக்கும்". அப்புறம் "வேற எங்கயாவது கைவெச்சாங்களா சார்?" அப்புறம் "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்". உருகிய வயரைப் படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் அதே ஓனர் உள்ளே வேறொருவருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். பில் இல்லாத 47,500 ரூபாய்க்கு நான் எங்கே போய் நிற்பது?

சரி, சொன்னபடி. முதல் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும், அது வயரைக் காப்பாற்ற, ஆம்பை அல்ல. அளவும் வயர் தாங்கும் ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் இன்னும் குறைவு. தகட்டைத் தாண்டும் இடத்தில் கிராமெட். ஃபாக் லாம்ப், டேஷ்கேம் எதுவானாலும், மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே ஃபியூஸ். ஃபியூஸ் போகிறதே என்று பெரிசாக மாற்றாதீர்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். மெக்கானிக் கூப்பிடுகிறார், முன்சீட்டையும் கழற்ற வேண்டுமாம்.