புதுச்சேரி ஞாயிறு ஸ்பானிஷ் வகுப்பு: ஏவல் பாடத்துக்காகப் போகலாம், கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்

மிஷன் வீதியை ஒட்டி ஞாயிறு காலையில் நடக்கும் இந்த வகுப்பு, ஸ்பானிஷ் மொழி முழுவதையும் கற்றுத் தருவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. உடம்பு, நோய், மருந்து, நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஏவல்கள், அவ்வளவுதான். ஆறு ஞாயிறு, தடவைக்கு இரண்டரை மணி நேரம், கையேட்டோடு சேர்த்து 3,500 ரூபாய். நர்ஸிங் மாணவிகள், மெடிக்கல் ஷாப்காரர்கள், ஆரோவில் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் என்று கலவையான கூட்டம். ஸ்பானிஷ் மொழித் திறனுக்கான டெலே தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு இது ஆகாது.

முதல் இரண்டு வாரம் வலி. ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழிலிருந்தே தொடங்குகிறார்கள், நல்ல முடிவு. 'எனக்குத் தலை வலிக்குது' என்பதும் 'மே துவேலே லா கபேசா' என்பதும் ஒரே கட்டுமானம். வலிப்பது தலை, வலி எனக்கு. ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படித்தவர்கள்தான் 'மி கபேசா' என்று 'என்' சேர்த்துத் தடுமாறுவார்கள். நமக்குச் சறுக்குவது வேறு இடத்தில். முட்டி ஒன்று வலித்தாலும் இரண்டு வலித்தாலும் நாம் 'முட்டி வலிக்குது' என்றே சொல்வோம். ஸ்பானிஷில் இரண்டு முட்டி என்றால் வினையும் பன்மையாக வேண்டும்: 'மே துவேலென் லாஸ் ரோதியாஸ்'. பிரெஞ்சு படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுகிறார்கள், பன்மையே காணாமல் போகிறது. ஆசிரியர் அதை விடாமல் பிடிக்கிறார்.

காய்ச்சலும் இருமலும் 'தெங்கோ', அதாவது 'எனக்கு இருக்கு' போட்டு வரும்: 'தெங்கோ ஃபியெப்ரே', 'தெங்கோ தோஸ்'. தலைசுற்றலுக்கு ஆண் 'எஸ்தோய் மரெயாதோ' என்பார், பெண் 'மரெயாதா' என்பார். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது கையேட்டில் ஆண் வடிவம் மட்டும் ஏன் என்று புரியவில்லை.

காசுக்கு மதிப்பு மூன்றாம், நான்காம் வாரங்களில்தான். ஏவல்களை 'உஸ்தெத்', அதாவது 'நீங்க' வடிவத்தில் மட்டும் முதலில் பழக்குகிறார்கள். 'வாயைத் திறங்க', 'நாக்கை நீட்டுங்க' என்று வார்டில் சொல்கிற மரியாதை இதில் அப்படியே வந்துவிடும். விதி ஒன்றுதான்: 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'ஏ', 'ஏர்', 'ஈர்' என்று முடிவதற்கு 'ஆ'. ரெஸ்பிரார் (மூச்சுவிட) 'ரெஸ்பீரே' ஆகும், தோமார் (எடுத்துக்கொள்ள) 'தோமே' ஆகும். ஆப்ரீர் (திறக்க) 'ஆப்ரா' ஆகும், தோஸேர் (இரும) 'தோஸா' ஆகும். 'உட்காருங்க' என்பதற்கு 'சியேந்தெஸே'. உட்கார வேண்டாம் என்றால் ஒட்டியிருந்த 'ஸே' கழன்று முன்னால் வந்துவிடும், 'நோ ஸே சியேந்தே'. 'அசையாதீங்க' என்பதற்கு 'நோ ஸே முவேவா'.

எக்ஸ்ரே அறைப் பயிற்சிதான் இருப்பதிலேயே நன்றாக இருக்கிறது. இருவர் இருவராக நிற்க வைத்து மூன்றே ஏவல்: 'ரெஸ்பீரே ஓந்தோ', மூச்சை நல்லா இழுங்க. 'நோ ரெஸ்பீரே', அப்படியே பிடிங்க. 'ரெஸ்பீரே', இப்போ விடலாம். கடைசி உயிரெழுத்து ஒன்று பிசகி 'நோ ரெஸ்பீரா' என்று வந்தால், 'இவருக்கு மூச்சு இல்லை' என்று ஆகிவிடும். பக்கத்தில் நிற்கும் உறவினர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வாய் தானாகச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள், அலுப்பாகத்தான் இருக்கும், வேறு வழியும் இல்லை. பெண் நோயாளியிடம் அதற்கு முன் கேட்க வேண்டிய 'எஸ்தா எம்பராசாதா?', கர்ப்பமா என்ற கேள்வி, இதே பாடத்தில் சேர்ந்திருப்பது பொருத்தம்.

குழந்தைகளிடம் பேசும் 'தூ', அதாவது 'நீ' வடிவம் கடைசி வாரத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 'ஆப்ரே லா போக்கா', வாயைத் திற, அதுவரை சரி. 'அசையாதே' என்பதற்கு 'நோ தே முவேவாஸ்' என்று வடிவமே மாறுவதைத் தொடவே இல்லை.

இனி கையேடு. எல்லாச் சொல்லும் தமிழ் எழுத்தில் மட்டும் இருக்கிறது, பெரிய ஆபத்து இங்கேதான். இருமலும் 'தோஸ்', இரண்டும் 'தோஸ்'. நாக்கில் இருமலுக்கு வல்லொலி, இரண்டுக்குப் 'பந்து' என்பதில் வரும் 'து' போன்ற மெல்லிய ஒலி. தமிழ் எழுத்து அந்த வித்தியாசத்தைக் காட்டாது. எடை கேட்கும் 'பேசோ' இன்னும் வம்பு: 'பம்பரம்' என்பதன் முதல் எழுத்துப்போல் சொன்னால் எடை, இரண்டாவதாக வரும் 'ப'போல் சொன்னால் முத்தம். நோயாளியிடம் 'உங்கள் முத்தம் எவ்வளவு' என்று கேட்கக் கூடாது. கரும்பலகையில் ஆசிரியர் மெல்லொலிக்கு அடிக்கோடு போடுகிறார். அதை அன்றே கையேட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட மேல், ஸ்பானிஷ் நெடுங்கணக்கு 27 எழுத்துதான், அதைப் படித்துவிடுவது. சிறுநீரகத்துக்கான 'ரிஞோன்' மாதிரிச் சொற்களில் மட்டும் தமிழ் எழுத்து அச்சு அசலாகப் பொருந்துகிறது. கண்ணுக்கு 'ஓஹோ', அது யாருக்கும் மறக்காது. காதுக்குக் கையேடு 'ஒரேஹா' என்று மட்டும் போட்டிருக்கிறது. அது வெளியே தெரியும் மடல். உள்ளே குத்தும் வலிக்கு 'மே துவேலே எல் ஓயீதோ' வேண்டும்.

ஆங்கிலச் சொல்போல ஒலித்து வேறு பொருள் தரும் சில சொற்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பும் இல்லை. 'கொன்ஸ்திபாதோ' ஸ்பெயினில் சளி பிடித்தவர், மலச்சிக்கல் அல்ல, மலச்சிக்கலுக்கு 'எஸ்த்ரெஞீதோ'. 'இந்தொக்சிகாதோ' என்று குடும்பத்தார் சொன்னால் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம். 1980-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் விஷயத்தில் இந்தச் சொல்லைப் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்தது தெரியாமல் போய், கைகால் இரண்டும் செயலிழந்தன. மருத்துவ ஸ்பானிஷ் கையேட்டில் இது ஒரு வரியாவது வர வேண்டாமா?

மருந்து வேளைப் பாடம் ரொம்பச் சுருக்கம். 'உனா பஸ்தியா காதா ஓச்சோ ஓராஸ்', எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்கு 'தெஸ்புவெஸ் தே கொமேர்' இருக்கிறது. வெறும் வயிற்றில் என்பதற்கான 'என் அயூனாஸ்' இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். மெடிக்கல் ஷாப்காரர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: ஒரு வேளை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று எழுதினால், அதே நான்கு எழுத்து ஸ்பானிஷ்காரர் கண்ணுக்கு 'ஒன்ஸே', அதாவது பதினொன்று. அட்டையில் 1 என்று எண்ணாகவே போட்டுக் கொடுங்கள்.