என்பிடெல், அடல், ஸ்போக்கன் டுடோரியல்: டெக்னிக்கல் சப்ஜெக்ட் எடுக்குறவங்க எதுல சேரலாம்?

பெங்களூருல இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக்னு பாடம் எடுக்குற தமிழ் ஆளுங்க நாம ஏகப்பட்ட பேர் இருக்கோம். அப்ரைசல் ஃபார்ம் வரும்போதுதான் எஃப்டிபி, அதாவது ஆசிரியர்களுக்கான பயிற்சி, ஞாபகமே வருது, உடனே வாட்ஸ்அப் குரூப்ல எந்த லிங்க் கண்ணுல படுதோ அதுல பேரைக் கொடுத்துட்டு சர்டிபிகேட்டை ஃபைல்ல சொருகிடறோம். அப்படி இல்லாம கிளாஸுக்கு உண்மையிலயே ஏதாவது ஆகணும்னா எது தேறும்னு பாப்போம்.

ஆழம்னு பாத்தா என்பிடெல்ங்கிற ஆன்லைன் வீடியோ கோர்ஸை அடிச்சுக்க ஆளில்ல. 2003ல ஏழு ஐஐடியும் நம்ம ஊரு ஐஐஎஸ்சியும் சேந்து ஆரம்பிச்சது. பாடம் பாக்க காசு இல்ல, பரீட்சைக்கு மட்டும்தான் பீஸ். அசைன்மெண்ட்டுக்கு 25 மார்க், சென்டருக்கு நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75 மார்க், அதனால ஒப்பேத்த முடியாது. 8 வார கோர்ஸ் முடிச்சா, டெக்னிக்கல் படிப்பை நிர்வகிக்கிற ஏஐசிடிஇ கணக்குல ஒரு வார எஃப்டிபி, 12 வாரம்னா ஒன்றரை வாரம். ஒரே தர்மசங்கடம் என்னன்னா நம்ம பசங்களும் அதே கோர்ஸ்ல இருப்பாங்க, அவன் 90க்கு மேல எடுத்து கோல்டு வாங்கிட்டு வந்து "சார் உங்களுக்கு எவ்வளவு"ன்னு கேப்பான். இன்னொண்ணு, இன்டர்னல்ஸ் பேப்பர் திருத்துற வாரத்துலயும் அசைன்மெண்ட் டெட்லைன் பாட்டுக்கு வந்துட்டே இருக்கும்.

அடல் எஃப்டிபி இதுக்கு நேர் எதிர். ஏஐசிடிஇ நடத்துறது, இலவசம், ஒரு வாரத்துக்குள்ள வேலை முடிஞ்சுரும், அட்டெண்டன்ஸும் கடைசி டெஸ்ட்டும் சரியா இருந்தா சர்டிபிகேட். ஆனா தரம் முழுக்க நடத்துற காலேஜைப் பொறுத்தது. கோஆர்டினேட்டர் நல்ல ஆளா இருந்தா இண்டஸ்ட்ரில வேலை பாக்குறவங்களையே கூட்டிட்டு வருவாரு, நேரா சந்தேகம் கேக்கலாம், அது என்பிடெல்ல கிடைக்காது. இல்லன்னா ஒரே ஸ்லைடு ஊர்வலம்தான், பாதிப் பேர் கேமராவை ஆஃப் பண்ணிட்டு சமையல் பண்ணிட்டு இருப்பாங்க. சேர்றதுக்கு முன்னாடி தலைப்பைப் பாக்காதீங்க, யார் யார் பேசுறாங்கன்னு பாருங்க.

புதுசா வேலைக்குச் சேந்தவங்கன்னா மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம்ல இருக்குற என்ஐடிடிடிங்கிற ஆசிரியர் பயிற்சியோட எட்டு மாட்யூல் போதும், எப்படி பாடம் எடுக்கணும்கிறதுதான் அதுல விஷயம், சப்ஜெக்ட் கிடையாது. கோர்செராங்கிற வெளிநாட்டு ஆன்லைன் கோர்ஸ் தளத்துல வீடியோ அருமையா இருக்கும், ஆனா சர்டிபிகேட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி காலேஜ்ல ஏத்துப்பாங்களான்னு கேட்டுக்கோங்க.

என்னைக் கேட்டா யாரும் கண்டுக்காத நல்ல சரக்கு ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்தான். சாஃப்ட்வேர் சொல்லித்தர்ற வீடியோ, ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம் சொச்சம், ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் வீடியோ, இன்னொரு பக்கம் சாஃப்ட்வேரைத் திறந்து வெச்சுக்கிட்டு அவங்க அடிக்கிறதை நாமளும் அப்படியே அடிக்கணும். பைத்தான், சைலாப், லேடெக், ஆர்டுயினோன்னு எல்லாம் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸுக்குப் பிரின்சிபால்கிட்ட போய் நிக்க வேண்டியதில்ல. பெங்களூருக்குன்னு ஒரு வசதியும் இருக்கு. ஆடியோ இந்திய மொழிகள்லயும் இருக்கு, அதனால நாம தமிழ்ல கேட்டுட்டு, கன்னட மீடியத்துல படிச்சுட்டு டிப்ளமா வழியா வர்ற பசங்களுக்கு அதே டுடோரியல் கன்னடத்துல இருந்தா லேப்ல போட்டுவிடலாம். ஒரே டெமோவை மூணு பேட்சுக்கும் தொண்டை கட்டக் கட்ட சொல்ற வேலை மிச்சம். குறைன்னா, சில டுடோரியல் பழைய வெர்ஷன்ல இருக்கும், மெனு மாறியிருக்கும், முதல்ல நாம ஒருதடவை ஓட்டிப் பாத்துடணும். அப்புறம் தியரிக்கு இது ஆகாது.

ஆக லேப் இன்சார்ஜ்னா இப்பவே ஸ்போக்கன் டுடோரியல். தியரி பேப்பர்னா என்பிடெல் அடுத்த ரவுண்டுல ஒண்ணே ஒண்ணு போடுங்க. ஆசைப்பட்டு மூணு போட்டுட்டு பரீட்சை சனி ஞாயிறுல எலக்ட்ரானிக் சிட்டிக்கும் எலஹங்காவுக்கும் டிராஃபிக்ல அல்லாடாதீங்க.