கெய்ரோவுக்கு எந்த நாவல்: மஹ்ஃபூஸா, அல் அஸ்வானியா?

கெய்ரோ பயணத்துக்குப் பையில் ஒரு நாவலுக்குத்தான் இடம் இருந்தது. எகிப்திய எழுத்தாளர்கள் இருவரில் யாரை எடுப்பது: நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதியில் முதல் பாகமா, அலா அல் அஸ்வானியின் ‘யாகூபியன் கட்டடம்’ நாவலா? இரண்டுமே ஆங்கிலத்தில்தான் கிடைத்தன. அல் அஸ்வானியை எடுத்துக்கொண்டேன். மஹ்ஃபூஸை ஊர் திரும்பித்தான் படித்தேன்.

எழுத்தில் பெரியவர் மஹ்ஃபூஸ்தான், 1988-இல் நோபல் வாங்கியவர், அதில் சண்டையே இல்லை. அவர் எழுதிய தெருவுக்குக் கான் எல் கலீலி கடைவீதியிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் கதை தொடங்குவது 1917-இல். கணவன் வரும்வரை நள்ளிரவில் மரச்சன்னல் வழியே தெருவைப் பார்த்து நிற்கிறாள் அமீனா. அந்த மாதிரிச் சன்னல்கள் இன்னும் இருக்கின்றன, அமீனாவைத்தான் காணோம்.

‘யாகூபியன்’ வெளிவந்தது 2002-இல், கதை நடப்பது 1990 வளைகுடாப் போர்ச் சமயம். கட்டடம் தலாஅத் ஹர்ப் தெருவில் நிஜமாகவே இருக்கிறது. பல் மருத்துவரான ஆசிரியர் அங்கே கிளினிக் வைத்திருந்தவர். (நாவல் சொல்லும் அலங்காரத்தைத் தேடிப் போகாதீர்கள், நேரில் கட்டடம் ரொம்ப எளிமை.)

என்னைப் பொறுத்தவரை விஷயத்தைத் தீர்த்தது ‘பவாப்’, அதாவது கட்டடத்தின் வாயிற்காவலர். பக்கத்துத் தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் தங்கியிருந்தேன். லிஃப்ட் அருகே பெஞ்சில் கலபீயா என்னும் நீள அங்கி அணிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பார். இரண்டு நாள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனேன். மூன்றாம் இரவு நாவலில் தாஹாவின் அத்தியாயம் வந்தது. போலீஸ் அகாதமியில் சேர எல்லாத் தகுதியும் உள்ள பையன். நேர்காணலில் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள், வாயிற்காவலர் என்று தெரிந்ததும் கதை முடிந்தது. அப்புறம் அவன் தீவிரவாதிகள் பக்கம் போகிறான். மறுநாள் காலை அதே பெஞ்சில், பள்ளிச் சீருடையில், பெரியவரின் பையன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். முதல்முறையாக நின்று ‘ஸபாஹுல் கைர்’ என்று காலை வணக்கம் சொன்னேன். ‘ஸபாஹுன் நூர்’ என்று நகர்ந்து இடம் கொடுத்தார் பெரியவர். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்குமளவுக்கு எனக்கு அரபி வரவில்லை.

மொட்டைமாடியும் அப்படித்தான். வீட்டுக்கொன்றாகச் சாமான் போட்டுவைக்கக் கட்டிய இரும்பு அறைகளில், பிற்பாடு கிராமத்திலிருந்து வந்தவர்கள் குடியேறியதை நாவல் விவரமாகச் சொல்கிறது. என் மாடியிலிருந்து பார்த்தால் எதிர்மாடியில் டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவே துணி காய்ந்தது, வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. வழிகாட்டிப் புத்தகம் மட்டும் படித்திருந்தால் அதை வீடு என்றே நினைத்திருக்க மாட்டேன்.

குறையும் உண்டு. 2011-இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் நடந்த மக்கள் எழுச்சியெல்லாம் இந்த நாவலுக்குப் பின்னால். தெற்கே பழங்காலக் கோயில்கள் உள்ள லக்ஸரில் இரண்டே நாள்தான் இருந்தேன், அங்கே புத்தகம் பையை விட்டு வெளியே வரவே இல்லை. மஹ்ஃபூஸின் மற்ற இரண்டு பாகங்களை நான் இன்னும் படிக்கவில்லை, 1940-கள் வரை போகிறதாம். பழைய கெய்ரோவிலேயே அறை போடுகிறவர்களுக்கு அவர்தான் சரிப்படுவாரோ என்னவோ.