செம்மண் முற்றத்தில் பூத்த நீலம்

நுவரெலியா செல்லும் வழியிலுள்ள அந்த நாற்றுமேடையினர், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் முன் வெறும் செம்மண்ணாகக் கிடந்த முற்றத்தில், மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி முதலில் வடிகாலாகக் கான் வெட்டி, கருங்கல் அடுக்கி வரம்பு கட்டி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்கையில் வெட்டிய மலார்க் குச்சிகளால் வேலி பின்னிய பிறகே, ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் ஹைட்ரேஞ்சியாவையும் அகபந்தஸையும் நட்டுத் தந்தார்கள். பையில் இளஞ்சிவப்பாக இருந்த ஹைட்ரேஞ்சியா, அடுத்த பருவத்தில், இதழோரம் மட்டும் சற்றே ஊதா படிய, நீலமாக மலர்ந்தது; தேயிலை விளையும் புளிப்பு மண்ணில் வேர்கள் அலுமினியத்தை உறிஞ்சுவதால் நிறம் மாறும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் நம்பவில்லை. உலர்ந்த நிலத்தை விரும்பும் லவண்டரையும் சேர்த்து விற்றதுதான் குறை. தென்மேற்குப் பருவமழையில் லவண்டர் செடிகள் மூன்றும் அழுகிவிட்டன. மாற்றுக் கன்றும் தரவில்லை. இருந்தாலும், கல் வரம்பு வேலைக்காகவே இவர்களை மறுபடியும் அழைப்பேன்.