கலீசிய மொழியின் வட்டார வேறுபாடுகள்: அட்லஸா, கார்ப்பஸா?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசிய மொழியை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான்: கலீசிய மொழி வரைபடத் தொகுதியான ‘அல்கா’வில் தொடங்குவதா, ‘கோர்கா’ உரைத்தொகுப்பில் தொடங்குவதா?

தரவு
அல்கா: 1970களில் 167 இடங்களுக்கு நேரில் போய்க் கேட்டுப் பதிந்தது. பெரும்பாலும் கிராமத்து முதியவர்களின் பேச்சு.
கோர்கா: 1975 முதல் வெளிவந்த நாளிதழ், நாவல், கட்டுரை. இன்றும் வளர்கிறது.

ஒலி
அல்காவுக்கே வெற்றி. பூனைக்கான ‘காத்தோ’வை மேற்கே ‘ஹாத்தோ’ என்பார்கள். ‘கெயாதா’ எனப்படும் இந்த உச்சரிப்பு பொது எழுத்தில் வராது. எழுதியதை மட்டும் தேடினால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சொல்வடிவம்
நாய்க்குப் பன்மை மேற்கே ‘கான்ஸ்’, நடுவே ‘காஸ்’, கிழக்கே ‘காய்ஸ்’. அல்கா வரைபடத்தில் எல்லைக்கோடே கண்ணுக்குத் தெரியும். கோர்காவில் பொது வழக்கான ‘கான்ஸ்’தான் கொட்டிக் கிடக்கும்.

வசதி
அல்கா: முதல் தொகுதி வந்ததே 1990இல். குறியீடுகள் பழக நாளாகும்.
கோர்கா: இணையத்தில் இலவசம். தேடினால் உடனே விடை.

ஆக, ஊருக்கு ஊர் மாறும் பேச்சுதான் தலைப்பு என்றால் அல்கா. பொது எழுத்து வழக்கு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்றால் கோர்கா. அப்புறம், ஸ்பானிய மொழியில் வளர்ந்து பிறகு கலீசியத்துக்கு மாறிய நகரத்து இளைஞர்களின் பேச்சு வேண்டுமா? இரண்டுமே போதாது, ஒலிப்பதிவுக் கருவியோடு நீங்களே கிளம்ப வேண்டியதுதான்.