வேக்கம் கேஜ் (வெற்றிடத்தில் மிஞ்சிய அழுத்தத்தை அளக்கும் கருவி): டயல், பிரானி, கெப்பாசிட்டன்ஸ். எதை எவ்வளவு நம்பலாம்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. அதனால் சேலத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 735 மில்லிமீட்டர் பாதரசம், ஏற்காட்டில் 635தான். காப்பித்தூள் பேக் செய்யும் வேக்கம் மெஷினைச் சேலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்குக் கொண்டுபோனால், டயல் முள் 635ஐத் தாண்டவே தாண்டாது. உடனே பம்பைச் சந்தேகப்பட்டு ஆயிலை மாற்றுவார்கள், சீலை மாற்றுவார்கள். பம்பும் சரி, கேஜும் சரி. டயலுக்குள் இருக்கும் போர்டன் குழாய் (அழுத்தத்துக்கு ஏற்ப வளைந்து முள்ளை நகர்த்தும் குழாய்) காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே மிஞ்சியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான்.

டயலின் துல்லியமும் அளவோடுதான். 1.6 கிளாஸ் என்றால் முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 760 மில்லிமீட்டர் டயலில் 12 மில்லிமீட்டர் வரை முன்பின். ஏசி லைனிலிருந்து காற்றை உறிஞ்சும் மெக்கானிக் தேடுவது 500 மைக்ரான், வெறும் அரை மில்லிமீட்டர். இந்த வேலைக்கு டயலை நம்பவே கூடாது. பேக்கிங்குக்குத் தாராளமாகப் போதும். ஊர்க்காற்றழுத்தத்தை மெஷின் மேல் எழுதி ஒட்டிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து பிரானி. சூடான கம்பியிலிருந்து வாயு எவ்வளவு வெப்பத்தை எடுத்துப்போகிறது என்பதை வைத்து அழுத்தத்தைச் சொல்கிறது. ரீடிங்கில் 10 முதல் 15 சதவீதம் பிசகு இருக்கும். அது பெரிய குறை இல்லை. வாயு மாறினால்தான் சிக்கல்: நைட்ரஜனுக்குக் காலிபிரேட் செய்த பிரானி, வேக்கம் உலையில் 0.1 மில்லிபார் (ஒரு மில்லிபார் சுமார் முக்கால் மில்லிமீட்டர் பாதரசம்) ஆர்கான் இருக்கும்போது சுமார் 0.06 என்று காட்டும். அப்புறம் பம்ப் ஆயில் ஆவி கம்பியில் படியப் படிய ஜீரோ நகர்ந்துவிடும். போன வருஷச் சான்றிதழ் அப்போது உதவாது.

கெப்பாசிட்டன்ஸ் கேஜ் டயஃப்ரம் என்ற மெல்லிய தகட்டின் மேல் விழும் விசையையே அளப்பதால் எந்த வாயுவானாலும் ஒன்றுதான். நல்ல மாடலில் பிசகு ரீடிங்கில் கால் சதவீதம் அளவுக்கே இருக்கும். விலை பல மடங்கு. ஒரு ஹெட் (அளக்கும் சென்சார் பகுதி) மூன்று, நான்கு தசம அளவுகளைத்தான், அதாவது ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு வரையிலான அழுத்த வீச்சைத்தான் தாங்கும். இதில் நகர்வது பெரும்பாலும் ஜீரோதான், அதற்கு முதல் காரணம் வெப்பநிலை. சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் உலைப் பக்கம் இன்னும் கூடும். உள்ளேயே 45 டிகிரியில் சூடாக்கி வைக்கும் மாடல்கூட அங்கே கட்டுப்பாட்டை இழக்கலாம். 100 டிகிரி மாடலை வாங்குங்கள், அல்லது ஹெட்டைச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். ஜீரோ செட் பண்ணும்முன் கேஜால் பார்க்கவே முடியாத அளவுக்கு அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். பாதி வேக்கத்தில் பொத்தானை அழுத்தினால் நல்ல கேஜும் கெட்டுப்போகும்.

10⁻³ மில்லிபாருக்குக் கீழே போகிறவர்களுக்கு அயனி கேஜ் தேவை, அது வேறு கணக்கு.

என் தேர்வு: ஏசி லைனுக்கு பிரானி வகை மைக்ரான் மீட்டர். உலைக்கு பிரானி, கெப்பாசிட்டன்ஸ் இரண்டும் வேண்டும். உள்ளே நைட்ரஜனைச் செலுத்தி, கெப்பாசிட்டன்ஸை வைத்து பிரானியை அவ்வப்போது ஒத்துப் பார்க்கலாம்.

என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபுக்குக் கேஜைக் காலிபிரேஷனுக்கு அனுப்பும்போது, சரிசெய்வதற்கு முன்னால் இருந்த ரீடிங்கையும் சான்றிதழில் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் திருத்திய பிறகு எடுத்த எண்கள் மட்டுமே வரும். கேஜ் வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்பது அந்தப் பழைய ரீடிங்கில்தான் தெரியும். அடுத்த காலிபிரேஷன் ஆறு மாதத்திலா, ஒரு வருஷத்திலா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.